இடப்பக்கம் மீன், வலப்பக்கம் பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். ஒருமுறை தாளின் மேலே 'ஓம்' என்று போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான் என்பது ஒரு காரணம். சாமியையும் மீனையும் ஒரே தாளில் எழுதினால் படிப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் இருந்தது. அதோடு, இது சைக்கிளில் மாட்டுகிற பையைப் பற்றிய விஷயம். பை வாங்கிய கதையை யாராவது எழுதி வைப்பார்களா? ஆனால் என் ஆயுசில் நான் இவ்வளவு யோசித்து வாங்கிய பொருள் வேறு கிடையாது. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை. அது பெரியவர்கள் பார்த்து முடித்தது.

இரண்டாயிரம் பிறந்த சமயம். எங்கள் வீடு திருவொற்றியூரில், நாலு குடித்தனம் உள்ள ஒரு காம்பவுண்டில் இருந்தது. வேலை ராயபுரத்தில், கப்பல் சரக்கு வந்து இறங்கும் ஒரு குடோனில். கடலோரச் சாலையில் சைக்கிளில்தான் போய் வருவேன். கல்யாணமாகி ரொம்ப காலம் குழந்தை இல்லை. பிறந்தால் மாலை போட்டு மலைக்கு வருகிறேன் என்று ஐயப்பனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழிந்து, கார்த்திகை முதல் தேதி கறுப்பு வேட்டி கட்டிக் கன்னிசாமியாக மாலை போட்டுக்கொண்டேன்.

குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை. டப்பா பாலைக் கொடுத்தால் கக்கியது. அழுது அழுது அதன் குரலே கம்மிப்போனது. எடை போட்டுப் பார்த்த நர்ஸம்மா முகத்தைச் சுளித்தார். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற என்ன கொடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பால்சுறா. வேகவைத்து, உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டுப் புட்டாகச் செய்து தருவார்கள். ஆனால் மாலை போட்ட வீட்டில் மீன் சமைக்க முடியாது. மாமியாரும் உயிரோடில்லை. பக்கத்துக் குடித்தனத்து அக்காதான் முன்வந்தார்.

"என் அடுப்புல செஞ்சி குடுக்கறேன். உன் வூட்டுக்காரி இங்க வந்து துன்னுட்டுப் போவட்டும். ஆனா சொறாவுக்கு நான் எங்க போவேன்? நம்ம தெருவுல வர்றது நெத்திலியும் காரப்பொடியும்தான். நீதான் டெய்லி காசிமேட்டு வழியா வர, வாங்கினு வா."

"மால போட்டுகினு மீன எப்டிக்கா தொடறது?"

"நீ தொடாத. சைக்கிளு தொடட்டும்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் குருசாமி வீட்டில் தினமும் சாயங்காலம் பஜனை நடக்கும். பூவும் தேங்காயும் கல்மண்டபம் மார்க்கெட்டில் வாங்கி வருவது என் பொறுப்பு. ஆகவே ஒரே சைக்கிளில், ஒரே பயணத்தில், சாமிக்கான பூவும் வர வேண்டும், குழந்தைக்கான மீனும் வர வேண்டும்.

முதல் நாள் ஹாண்டில்பாரின் இரண்டு பக்கமும் இரண்டு ஒயர் கூடைகளை மாட்டிக்கொண்டு போனேன். அதே மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சாமி, மால போட்டுகினு மீன் கடையாண்ட வந்து நிக்கிற? பூக்கட அந்தாண்ட கீது."

"எனக்கில்லம்மா. வூட்ல கைக்கொழந்த. தாய்க்குப் பால் பத்தல."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா. பால்சொறா கீது, எடுத்துக்கோ."

"நான் தொடக்கூடாதும்மா. நீயே கூடைல போட்டுடு."

"நல்லா கீது. காசயாவது நீ தொடுவியா, இல்ல அத்தயும் உன் ஜோபிலேர்ந்து நானே எடுத்துக்கணுமா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆனாலும் நல்ல மீனாகப் பார்த்து, ஐஸ் நொறுக்கிப் போட்டு, கூடையில் வைத்துக் கொடுத்தார். அன்று பஜனையில் பூக்கூடையைப் பிரித்ததும் குருசாமி மூக்கை உறிஞ்சினார். கடற்காற்று இடப்பக்கக் கூடையின் வாசனையை அப்படியே வலப்பக்கக் கூடைக்குக் கொண்டு சேர்த்திருந்தது. குருசாமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அதிகம் பேச மாட்டார். "சாமி, பூ கவுச்சி அடிக்குது. இதுக்கு எதனா ஒரு வழி பண்ணு" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்குப் பைப் பித்துப் பிடித்தது. சாலையில் யார் சைக்கிளில் போனாலும் ஆளைப் பார்க்க மாட்டேன், பின்னால் கேரியரைத்தான் பார்ப்பேன். போஸ்ட்மேன் காக்கிப் பை வைத்திருந்தார். பேப்பர் போடுகிறவர் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற கித்தான் பை வைத்திருந்தார். பால்காரர் பைக்குப் பதில் இரும்பு வளையம் வைத்து, அதில் கேனை இறக்கியிருந்தார். ஒவ்வொருவரிடமும் நின்று கேட்டேன். தண்ணி ஒழுகுமா? வாடை தங்குமா? குதிகால் இடிக்குமா? பேப்பர்காரர், "சாமி, பேப்பரு வாடையும் அடிக்காது, ஒழுகவும் செய்யாது. நீ இன்னாத்த கொண்டாரப் போற?" என்று கேட்டார். நான் நழுவிவிட்டேன்.

கித்தான் பை வாங்கிப் பார்த்தேன். ஐஸ் தண்ணீர் ஊறி, சக்கரத்தில் பட்டு, என் வேட்டி முழுக்கத் தெறித்தது. ரெக்ஸின் பள்ளிக்கூடப் பையை கேரியரில் கட்டிப் பார்த்தேன். அதில் ஒழுகவில்லை, ஆனால் ஜிப் வைத்தது. மீன்கார அம்மா ஈரக் கையால் அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, அஞ்சாங்கிளாஸ் பையி. பேஜாரா கீது. எவன் இஸ்துகினு கெடப்பான்" என்று மீனை அதன் மேலேயே வைத்துவிட்டார். அப்போதுதான் ஒன்று புரிந்தது. மற்றவர்கள் தாங்கள் திறந்து மூடுவதற்குப் பை வாங்குகிறார்கள். எனக்கு வேண்டியது நான் திறக்கவே தேவையில்லாத பை. போடுகிறவரும் வேறு, எடுக்கிறவரும் வேறு. நடுவில் நான் மிதிப்பதோடு சரி.

கல்மண்டபம் பக்கம் லாரித் தார்ப்பாய் தைக்கிற ஒரு பாய் இருந்தார். அவரிடம் சொன்னேன். பழைய தார்ப்பாயை வெட்டி, ஒரே நீளத் துணியில் இரண்டு முனையிலும் பை வருகிற மாதிரி தைத்து, கேரியர் மேல் போட்டுக் காட்டினார். வாய்க்கு மூடி, மூடிக்கு வார். ஈரக் கையாலும் அவிழ்க்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம் வந்தது.

"பாய், ரெண்டும் ஒரே துணியா இருந்தா ஒரே பைதானே? நடுவுல வெட்டிடுங்க."

"வெட்டினா இன்னாத்துல தொங்கும்? கழுதப் பொதி மாதிரி ரெண்டும் ஒண்ண ஒண்ணு இஸ்துகினு நிக்கணும் சாமி."

"கொக்கி வெச்சித் தனித்தனியா மாட்டலாமில்ல."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு வெட்டினார். இரும்புக் கொக்கி வைத்துத் தைத்தபின் அவருக்கே அது பிடித்துப்போனது. தொங்கிப் பார்ப்பவர் போலக் கையால் இழுத்துக் காட்டி, "யானையக் கட்டினாலும் தாங்கும், எடுத்துனு போ" என்றார்.

எந்தப் பக்கம் எது என்பதற்கே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை யோசித்தேன். வலது சாமிக்கு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சைக்கிளைத் தள்ளும்போது நாம் நடப்பது இடப்பக்கம். மீன் பை இடது காலில் உரசுமே. மாலை போட்ட காலத்தில் செருப்பும் கிடையாது. மீனை வலப்பக்கம் வைக்கலாமென்றால் மனசு ஒப்பவில்லை. கடைசியில் இரண்டு பைகளையும் கேரியரின் பின்கோடிக்குத் தள்ளி, இடப்பக்கம் மீன், வலப்பக்கம் பூ என்று முடிவு செய்தேன். வலது பைக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். மீனும் ஐஸும் ஏறினால் சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தது. பூவுக்கு ஏது கனம்? அதற்காகத் தேங்காயைக் கூட்டிக்கொண்டே போனேன். பஜனையில் எல்லோருக்கும் நிறையத் தேங்காய் கிடைத்தது. என் பக்தி பெருகுகிறது என்று பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

இப்படிச் சில வாரங்கள் நன்றாக நடந்தன. பூவில் வாடை இல்லை. பக்கத்துக் குடித்தனத்து அக்கா பையைக் கழற்றி எடுத்துப்போவார், கழுவிக் கொடுப்பார். என் வீட்டுக்காரிக்குப் பால் ஊறத் தொடங்கியது. ஒருநாள் மீன் கிடைக்காவிட்டால் மறுநாளே குழந்தை சிணுங்கியது.

பிறகு இரண்டு நாள் மழையில் படகுகள் போகவில்லை. மூன்றாம் நாள் மீன்கார அம்மா எங்கிருந்தோ ஒரு பால்சுறாவை வாங்கி எனக்காக வைத்திருந்தார். கெட்டுப்போகக் கூடாதென்று ஐஸை அள்ளிப் போட்டிருந்தார். கடலோரச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியது. கொக்கி நிமிர்ந்து, மீன் பை கீழே விழுந்து, மூடி திறந்து, சுறா ரோட்டில் சறுக்கிக்கொண்டு போனது.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த டிரைவருக்குப் பல்வலி போலிருக்கிறது, கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார்.

"யாராவது அத்த எடுத்து பைல போடுங்கண்ணா. நான் மால போட்டுகீறேன்" என்றேன்.

"நானுந்தான் சாமி" என்றார். அப்போதுதான் கவனித்தேன். அவரும் கறுப்பு வேட்டி. பக்கத்தில் நின்ற கிளீனரும் கறுப்பு. பின்னால் வந்த இருவர் கழுத்திலும் மணிமாலை.

"இவரு நேத்துதான போட்டாரு, இவரு எடுக்கட்டும்" என்று பின்னால் நின்ற ஒருவரைக் காட்டினார் கிளீனர்.

"நேத்து போட்டா இன்னா, மால மாலதான்."

"டீக்கடக்காரரு போடல. அவரக் கூப்டு."

"அவரு முட்டயே தொட மாட்டாரு. சொறாவத் தொடுவாராம்."

"வண்டில மண்வாரி கீதில்ல, அதால அள்ளலாம்."

"மண்வாரியப் புடிக்கிறது நம்ம கையிதான?"

ஒரு மீனைச் சுற்றி அத்தனை சாமிகள் நின்று நியாயம் பேசினோம். ஒருவரும் கேலி செய்யவில்லை. எல்லோருக்கும் உண்மையாகவே விடை தெரியவில்லை. வீட்டிலோ இரண்டு நாளாகக் குழந்தை வயிறு நிறையவில்லை.

லாரிக்கு அடியிலிருந்து ஒரு நாய் வந்தது. சுறாவின் வாலைக் கவ்வ வாயைத் திறந்தது. அடுத்த நொடி மீன் என் கையில் இருந்தது. எப்போது குனிந்தேன் என்று எனக்கே தெரியாது. யோசித்து எடுத்தேன் என்று சொன்னால் அது பொய்.

இத்தனை நாள் சுமந்தும் அன்றுதான் அதைத் தொட்டுப் பார்க்கிறேன். தலையிலிருந்து வால்வரை தடவினால் வழவழப்பு. எதிர்ப்பக்கம் கை போனால் உப்புத்தாள் மாதிரி உராய்ந்தது. அந்த நேரத்திலும் இது ஏன் இப்படி இருக்கிறது என்றுதான் மனசு கேட்டது.

பல்வலிக்காரர் கேனைக் கொண்டுவந்து மீன் மேலும் என் கை மேலும் தண்ணீர் ஊற்றினார். "ஐஸு கரையுது சாமி, கெளம்பு" என்றார். நான் மீனைப் பைக்குள் வைத்ததும், லாரிக் கயிற்றில் ஒரு துண்டை வெட்டி, இடது பையையும் வலது பையையும் கேரியர் மேல் சேர்த்துக் கட்டிவிட்டார். பூப்பையும் மீன் பையும் ஒரே கயிற்றில் தொங்க, நான் நேராக வீட்டுக்கு வந்தேன். அக்கா புட்டு செய்தார். நான் முற்றத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் குழந்தை குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அழுகை இல்லை.

மறுநாள் குருசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாலையைக் கழற்ற வேண்டும் என்றனர் சிலர். தேவையில்லை என்றனர் சிலர். குருசாமி, "எனக்குத் தெர்ல சாமி" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் கடலில் தலை முழுகிவிட்டு, மாலையோடேயே மலைக்குப் போனேன். வேனில் ஒருவர் என் கையால் விபூதி வாங்கவில்லை. அது அவர் நம்பிக்கை. சந்நிதியில் நின்றபோது நடந்ததை அப்படியே சொன்னேன். குழந்தையைக் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

அதற்கப்புறம்தான் கதை வளரத் தொடங்கியது. ரோட்டில் விழுந்த மீன் பூவாக மாறிவிட்டது என்றார்கள். கயிறு கட்டிய டிரைவர் சாட்சாத் ஐயப்பன், திரும்பிப் பார்த்தால் லாரியையே காணோம் என்றார்கள். வேறு சிலர், நான் விரதத்தில் மீன் தின்றேன் என்றார்கள். போன மாதம் என் மகளே வந்து, "அப்பா, எது நெசம்?" என்று கேட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இறைவன்மேல் இன்றும் அதே நம்பிக்கைதான். ஆனால் பூவில் வாடை வராதது தார்ப்பாயால். அது எனக்குத் தெரியும். ஐயப்பனுக்குப் பல் வலிக்காது என்றும் நினைக்கிறேன். என் கையைக் குனிய வைத்தது எது என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இன்னும் ஆசையாக இருக்கிறது.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். மாலை போட்ட வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அவசியம் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். மீனைப் பூவாக்க வேண்டாம். நாயை விட்டுவிட வேண்டாம். நான் தொட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.