சித்திரை வெயிலில் கிறிஸ்மஸ் பாட்டு

துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். பலகாரம் கிடையாது, புதுத்துணி கிடையாது. கிறிஸ்மஸ் பாட்டுக் குழுவும் அந்த வாசலுக்குப் போகாது. திண்டிவனத்தில் எங்கள் சபையில் இது எழுதாத சட்டம். பாட்டுக் குழுவுக்கு என் கணவர்தான் தலைவர். சட்டம் என்றால் அவருக்கு உயிர். ரயில் போய் முடிந்தாலும், கேட் முழுசாக மேலே போகும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாத மனிதர்.

இவருடைய அக்காவின் கணவர் ஓர் ஆகஸ்டில் இறந்துபோனார். அந்த அக்காதான் எனக்கு அண்ணி. அவரும் நாங்களும் ஒரே ஊர், ஒரே சபை. அந்த டிசம்பரில் பாட்டு வண்டி அண்ணியின் தெருவுக்குள் திரும்பியதும் இவர் ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிட்டார். வண்டி அந்த வீட்டைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனது. மரியாதை செய்துவிட்ட திருப்தியோடு வந்து படுத்தார்.

காலையில் அண்ணி போன் செய்தார். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது.

“பக்கத்து வூட்ல சேர் வாங்கிப் போட்டு, ஃப்ளாஸ்க்ல டீ ஊத்தி வெச்சிக்கினு உக்காந்திருந்தேன்டா. எல்லா வருஷமும் உங்க மாமாதான டிரம் அடிச்சிக்கினு முன்னாடி வருவாரு? அவரு இல்லாத வூட்டுக்குத்தானடா நீ மொதல்ல வந்திருக்கணும்!”

“அதுக்கில்லக்கா, துக்க வூடு...” என்று இவர் இழுப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

மனத்தாங்கலை வைத்துக்கொண்டு திருவிருந்து எடுக்கக் கூடாது என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே ஊட்டிய பாடம். ஜனவரி முதல் ஞாயிறு எங்கள் போதகர் ஐயர் அப்பமும் திராட்சரசமும் வைத்து அழைத்தபோது, சபையே எழுந்து பீடத்துக்குப் போனது. ஆண்கள் பக்கம் இவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் அண்ணி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா மன்னிக்காம நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு போவேன்?” என்றார் இவர். அண்ணிக்கோ கோபம் தீரவில்லை, அதனால்தான் எழுந்திருக்கவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதமும் அப்படியே. ஈஸ்டர் அன்றைக்குக்கூட அப்படியே. பீடத்தில் முழங்கால் போட்டு நான் என்ன ஜெபித்தேன் என்று கேட்காதீர்கள். அந்த இரண்டு பிடிவாதங்கள் மேலும் எனக்கு இருந்த எரிச்சலுக்கு, நியாயமாகப் பார்த்தால் நானும் உட்கார்ந்திருக்க வேண்டியவள்தான்.

இத்தனைக்கும் அண்ணிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். குழம்பில் புளி தூக்கல் என்று சொல்லாமல் என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அப்படிக் குறை சொல்ல ஆள் இல்லாமல் என் சமையல் எனக்கே அலுத்துப்போனது. அவர் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. ஒருநாள் இவரிடம் கத்திவிட்டேன்.

“அவங்க கேட்டது பாட்டுதான? போய்ப் பாடிட்டு வாங்களேன்.”

“சித்திரை மாசத்துலயா?”

“ஆண்டவரு எந்த மாசம் பொறந்தாருன்னு நீங்க கூட இருந்து பார்த்தீங்களா? கெளம்புங்க ஜல்தி.”

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, மண்டையைப் பிளக்கும் வெயிலில், மொத்தக் குழுவும் டாடா ஏஸில் ஏறியது. நானும் ஏறிக்கொண்டேன். அண்ணி வீட்டு வாசலில் இவர் டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார். இவருக்கு டிரம் அடிக்கத் தெரியாது. பாட்டு ஒரு பக்கம் போக, டிரம் இன்னொரு பக்கம் போனது. பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, “இன்னாம்மா, கத்திரி வெயில்ல கிறிஸ்மஸா?” என்று என்னைக் கேட்டார்.

அண்ணி கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றார்.

“ஒரு அடி கூட தாளத்துல விழல,” என்றார்.

அவ்வளவுதான். டிரம்மைக் கழற்றக்கூடத் தோன்றாமல் இவர் அழ ஆரம்பித்துவிட்டார். பேரன் எடுத்த மனிதர். “என்னை மன்னிச்சிடுக்கா.”

அண்ணி இறங்கி வந்து முந்தானையால் தம்பியின் முகத்தைத் துடைத்துவிட்டார். அவர் கண்ணிலும் தண்ணீர். “அதெல்லாம் பொங்கலுக்கு முன்னாடியே மன்னிச்சாச்சி. போடா.”

எனக்குத்தான் பொறுக்கவில்லை. “அப்புறம் ஏன் அண்ணி திருவிருந்துக்கு எழுந்து வரல? மாசா மாசம் நான் பார்த்துக்கினுதான இருக்கேன்?”

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

“நல்லா கேட்ட போ. என் தம்பி அங்க வாங்காம உக்காந்துக்கினு இருக்கசொல்ல, நான் மட்டும் எப்படிம்மா போய்ச் சாப்புடுவேன்?”