மோட்டார் பிடித்த பிறகு பிரேக்

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி சின்னது. சுமை தூக்கும் வின்சுகளுக்கு கன்ட்ரோல் போர்டு செய்கிறோம். கீழே பட்டறை, மாடியில் புரோகிராம் எழுதும் நாங்கள் நாலைந்து பேர். என் பக்கத்து மேஜைக்காரி ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சேர்ந்த புதிதில் அவளுடைய மெட்ராஸ் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். அவள் ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு மதியம், புதிதாகச் சேர்ந்தவர் எழுதிய புரோகிராமைப் பட்டறையில் ஓட்டிப் பார்த்தோம். கொக்கியில் மணல் மூட்டைகள். வின்சில் முதலில் மோட்டார் சுமையைப் பிடிக்க வேண்டும், பிறகுதான் பிரேக்கை விட வேண்டும். அவர் எழுதியதில் வரிசை மாறிப்போயிருந்தது. மூட்டைகள் அப்படியே விழுந்து தரையில் வெடித்தன. நல்லவேளை, யாரும் கீழே இல்லை. அந்த மனிதர் முகம் வெளுத்து நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். "வரிசையைப் பெரிசா எழுதிச் சுவத்துல ஒட்டுங்க. பாத்துப் பாத்து எழுதுங்க."

"ஒட்டலாம் சார்," என்றாள் அவள். "ஆனா அவசரத்துல யாரு சொவத்த பாத்துகினு எழுதுவாங்க? தப்பா எழுதுனா கம்பைலே ஆவக்கூடாது. அந்த மாதிரி பண்ணித் தரேன்."

நாங்கள் எழுதுவதை சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். எழுத்துப் பிழை இருந்தால் நிறுத்தும். ஆனால் மோட்டார், பிரேக் என்று இரண்டு ஃபங்ஷன்களை, அதாவது கட்டளைத் தொகுப்புகளை, முன்னே பின்னே கூப்பிட்டால் அதற்கு என்ன தெரியும்? மோட்டாரையும் பிரேக்கையும் நேரடியாக இயக்கும் எங்கள் டிரைவர் நிரலில் இரண்டுமே வெறும் எண்ணை வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்பவை. யார் எப்போது கூப்பிட்டாலும் ஓடும்.

அவள் அதைப் பிரித்து எழுத ஆரம்பித்தாள். மோட்டாரைப் பிடிக்கச் சொல்லும் ஃபங்ஷன், சுமையைத் தாங்கியதும் ஒரு சீட்டைத் திருப்பித் தரும். பிரேக்கை விடும் ஃபங்ஷன் அந்தச் சீட்டைக் கேட்கும். சீட்டு என்பது ஒரு தனி டைப், நிரலுக்குள் மட்டும் இருக்கும் ஒரு தனி வகைத் தரவு. வேறு எங்கிருந்தும் அதை உண்டாக்க முடியாது. சீட்டு இல்லாமல் பிரேக்கை விட எழுதினால் கம்பைலர் அந்த வரியிலேயே நிற்கும். இத்தனைக்கும் சிப்பில் அந்தச் சீட்டு ஒரு பைட் இடம்கூட எடுக்கவில்லை. காவல் எல்லாம் கம்பைல் ஆகும் நேரத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த நிரலைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. அத்தனை கொஞ்ச வரிகளில் முடிந்திருந்தது.

பிறகு, யாரும் கேட்காமலே, ஏற்கெனவே விற்ற போர்டுகளின் பழைய புரோகிராம்களையும் புதிய டிரைவரோடு கம்பைல் செய்து பார்த்தாள். ஒன்று நின்றது. காசிமேட்டில் ஐஸ் கூடைகளைப் படகில் இறக்கும் வின்சு. கரண்ட் போய்த் திரும்ப வரும்போது மட்டும் ஓடுகிற பகுதியில், மோட்டாருக்கு முன்னால் பிரேக்கை விட்டிருந்தது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு புகாரும் வந்ததில்லை.

"புகார் வராத வரைக்கும் இருக்கட்டுமே?" என்றார் முதலாளி.

"கூடைக்குக் கீய நிக்கிறவங்களுக்கு அது தெரியாதே சார்."

"சரி, போய்ப் பாத்துட்டு வாங்க," என்றார் அவர். நாங்கள் இருவரும் லேப்டாப்போடு கிளம்பினோம்.

வின்சு ஓட்டும் அண்ணனுக்கு எங்களைக் கண்டதும் எரிச்சல். "நல்லாத்தான ஓடிகினு கீது? இன்னாத்துக்கு நோண்ட்ற?"

"கரண்டு போய் வந்தா கூடை எறங்குதாண்ணா?"

"ஆமா, ஒரு ஆள் உசரம் சர்ருனு எறங்கும். அது அப்டித்தாம்மா. கரண்டு போனா நான் கொரல் குடுத்துருவேன், எல்லாரும் வெலகிப்பாங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை காலமும் இவருடைய தொண்டைதான் அந்த மனிதர்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

புதிய புரோகிராமை ஏற்றினோம். கூடையை உயரத்தில் நிறுத்தி, கீழே எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டாள். மோட்டார் ஒரு முறை முனகியது. பிரேக் விடுகிற சத்தம் கேட்டது. கூடை இருந்த இடத்திலேயே தொங்கியது.

அண்ணன் கிட்டே போய் அண்ணாந்து பார்த்தார். "இன்னொருவாட்டி போடு."

மறுபடியும் போட்டாள். கூடை அசையவில்லை.

"இன்னாம்மா பண்ண?"

"மோட்டாரு புட்ச்ச பொறவுதான் பிரேக்கு வுடும்ணா. மாத்தி எய்தவே முடியாது இனிமே."

அவருக்கு அது எவ்வளவு புரிந்ததோ. படகிலிருந்தவர்களைப் பார்த்துக் கை காட்டி, "டேய், இனிமே ஓட வேணாண்டா!" என்று கத்தினார். அவர்கள் நம்பாமல் சிரித்தார்கள். அவள் கேபிளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கும் சேர்த்து இரண்டு டீ சொன்னாள்.