வெள்ளரிக் குடிலின் வாசல் பெஞ்ச்

தூத்துக்குடி துறைமுகத்துக் கிடங்குகளில் சுகாதாரத்தை மேற்பார்வை செய்தே என் வேலைக்காலம் முடிந்தது. தானியம் வந்து இறங்குமுன் தளத்தை எப்படிக் கழுவ வேண்டும், எந்த மருந்தை எவ்வளவு நீரில் கலக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்றபின் யாரும் எழுப்பிக் கேட்கவில்லை. சாத்தான்குளம் பக்கம் பசுமைக்குடில் போட்டிருந்த தம்பி மகள்தான் முதலில் கேட்டாள்.

"அத்தை, வெள்ளரி பூராவும் வாடிட்டு. தண்ணிக்குக் கொறையில்ல, உரத்துக்குக் கொறையில்ல, வேருதான் அழுகுது. அடுத்த நடவும் இப்படிப் போச்சுன்னா மாமா குடிலை ஆட்டுக் கொட்டகை ஆக்கிருவாவளாம்."

மாமா என்றால் அவளுடைய மாமனார். அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்பது போய் இறங்கியதுமே தெரிந்தது. ஏற்கெனவே இரண்டு ஆடுகளை வாங்கி வேலியோரம் கட்டியிருந்தார். அவையும் வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் மாதிரி குடிலையே பார்த்துக்கொண்டு நின்றன.

"வாங்க மைனி. நானும் மருந்து போட்டுத்தான் பாத்தேன்" என்று மாமனார் உள்ளே அழைத்துப் போனார். பட்டுப்போன கொடிகளின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவியிருந்தார். "நெடி மூக்கைத் துளைக்குதுல்லா? இதுல எந்தக் கிருமி உசுரோட இருக்கும்?"

"செத்தது நம்ம மூக்குதான் அண்ணாச்சி. கிருமி சௌக்கியமா இருக்கு."

குளோரினுக்குச் சருகும் மண்ணும் கிடைத்தால் போதும், அவற்றோடு மல்லுக்கட்டியே தன் பலத்தை எல்லாம் தீர்த்துவிடும். கிருமியைத் தேடிப் போக அதனிடம் ஒன்றும் மிஞ்சாது. அதனால் முதலில் குப்பை, பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், கடைசியில்தான் மருந்து. பணியில் இருந்த காலமெல்லாம் இந்த வரிசையை, படித்தவர்களுக்கும்கூட, நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

கொடிகளையும் அவற்றை நட்டிருந்த பழைய தென்னைநார்ப் பைகளையும் வாசல் வழியே இழுத்து வெளியே போட்டு எரித்தோம். தரைவிரிப்பு, சொட்டுநீர்க் குழாய், கத்தரிக்கோல், காய் அடுக்கும் பெட்டி, பெட்டி வைக்கும் அறை என்று ஒன்று விடாமல் தேய்த்துக் கழுவினோம். கையுறை போட்டு, கதவுகளைத் திறந்துவைத்து, அன்றன்று கலந்த மருந்தை ஈரம் காயாமல் நிற்கும்படி அடித்தோம்.

"கூடக் கொஞ்சம் ஆசிட் ஊத்தட்டுமா மைனி?"

"ஊத்துங்க. கிளம்புத வாயுவுல கிருமிக்கு முன்னால நாம போயிருவோம்."

வாசலில் கால் நனைக்க மருந்துத் தொட்டி வைத்தேன். தம்பி மகள் புதுப் பைகளில் நாற்று நட்டாள். குடில் ஆஸ்பத்திரி மாதிரி பளபளத்தது. ஆனாலும் வாசலை ஒட்டிய வரிசையில் நாலைந்து செடிகள் தலை தொங்கின. மாமனார் குடிலின் அகலத்தைக் காலால் அளந்து பார்த்தார்.

வாடிய செடிகளைப் பையோடு அப்புறப்படுத்திவிட்டு, வாசலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மாமனார் இரண்டு விருந்தாளிகளோடு வந்தார். மூவரும் பயபக்தியோடு செருப்பைக் கழற்றினார்கள். பழைய கொடிகளை இழுத்துப் போட்ட அதே மண்ணில் வெறுங்காலை ஊன்றினார்கள். கால் எரியும் என்று தொட்டியை ஒரே தாண்டாகத் தாண்டி உள்ளே போனார்கள்.

"எதுக்கு அண்ணாச்சி செருப்பக் கழத்துதிய?"

"என்ன மைனி இப்படிக் கேக்கிய? செடி வளருத எடம்லா. செருப்புக் காலோட மிதிக்கலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கிடங்கிலும் நெல்லின் மேல் செருப்புக் காலோடு ஏறமாட்டோம் என்று சுமைதூக்குகிறவர்கள் அடம்பிடித்ததுண்டு. அப்போது எந்த விதியும் அவர்களை அசைக்கவில்லை. உள்ளே போட மட்டும் என்று தனிச் செருப்பு கொடுத்தபோதுதான் வழிக்கு வந்தார்கள்.

தேவாலயத்தில் கழித்துப்போட்ட பெஞ்ச் ஒன்றை வாங்கி வந்து வாசலுக்குக் குறுக்கே போட்டேன். வெளிப்பக்கம் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற வேண்டும். காலைத் தரையில் ஊன்றாமல் அப்படியே உள்பக்கம் திருப்ப வேண்டும். அங்கே மருந்தில் ஊறிய ஸ்பாஞ்சின் மேல் நீல ரப்பர் செருப்புகள் காத்திருக்கும். மரியாதைக்கும் பங்கம் இல்லை, கிருமிக்கும் வழி இல்லை.

மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார். நீலச் செருப்பு அவருக்குப் பிடித்துப்போயிற்று. அன்று முதல் வாசல் காவலை அவரே எடுத்துக்கொண்டார்.

அதற்குமேல் ஒரு செடிகூட வாடவில்லை. கொடி மேலே கட்டிய கம்பியைத் தொட்டது, பூத்தது, காய்த்துத் தொங்கியது. முதல் பறிப்புக்கு ஜெபம் பண்ண வந்த போதகர் நேராக உள்ளே போகப் பார்த்தார். மாமனார் கையை நீட்டி மறித்தார்.

"ஐயா, பெஞ்சுல இருந்து காலைத் திருப்புங்க. நீங்க ஆண்டவருக்கு ஊழியக்காரர்தான். செடிக்கு வெளியாளு."

போதகர் நீலச் செருப்போடு நின்று ஜெபித்தார். தம்பி மகள் என் கையை இறுகப் பிடித்திருந்தாள். ஆமென் சொன்ன கையோடு பெட்டிகள் நிறையத் தொடங்கின. சுத்தம் செய்த அறையில் அவற்றை அடுக்க இடம் போதவில்லை.

ஆடுகள் இன்னும் வேலியோரத்தில்தான் நிற்கின்றன. விலைபோகாத கோணல் வெள்ளரிகள் அவற்றுக்கு. மாமனார்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார், நீலச் செருப்பை மறக்காமல் கழற்றிவைத்துவிட்டு.