கொக்கி வைத்த பிளேன்

முதலில் சத்தத்தைக் குறைப்பார், பிறகுதான் வீடியோவை ஓடவிடுவார். ஆவடி மார்க்கெட் ஓரத்தில் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு, முத்தாபுதுப்பேட்டைக்கு ஆள் சேரும் வரைக்கும் செங்கல்வராயனுக்கு இதுதான் வேலை. நடுக்கடலில் ஒரு கப்பல். அதன் மேல்தளத்தில் போர் விமானம் ஒன்று விழுகிற மாதிரி வந்து இறங்கும். வாலுக்கு அடியில் இருக்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய இரும்புக் கயிற்றில் மாட்டும். விமானம் திமிறிக்கொண்டு நிற்கும். உடனே மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் ஓரத்திலிருந்து ஓடி வருவான்.

"அத்தோ, நம்ம செல்வகுமாரு" என்பார், பக்கத்தில் யார் இருந்தாலும்.

மகன் செல்வகுமாருக்குக் கடற்படையில் வேலை, அதுவும் விமானந்தாங்கிக் கப்பலில். மஞ்சள் சட்டைக்காரன் தலையில் ஹெல்மெட், கண்ணில் பெரிய கண்ணாடி. முகம் என்று ஒன்று தெரிந்தால்தானே! ஆனால் இடது காலைக் கொஞ்சம் அகட்டி ஓடுகிறான். செல்வகுமார் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட கால் அது. அப்பனுக்குத் தெரியாதா?

சத்தத்தைக் குறைப்பதற்கும் காரணம் உண்டு. "காதுல மூடி போட்டாலும் என்ஜின் சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கும் நைனா" என்று மகன் ஒருமுறை சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அந்த வீடியோ ஊமைப்படம்தான். இங்கே குறைத்தால் அங்கே குறைந்துவிடுமா என்று ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் கிண்டலடிப்பார்கள். குறையாது என்று அவருக்கும் தெரியும். "எனுக்குக் கேக்க முடில, உடேன்" என்பார்.

சவாரிக்காரர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பாடம் உண்டு. "மிக் இருபத்தொம்போதும்மா. பிளேன் ஒண்ணு தான், தினுசு வேற. தரைல எறங்கறது ஒண்ணு. கப்பல்ல எறங்கறது ஒண்ணு, அதுக்குக் கொக்கி கீது, ரெக்கையும் மடங்கும். கத்துக்கறவனுக்கு ரெண்டு சீட்டு வச்சது ஒண்ணு. நம்ம வண்டில பாசஞ்சரு, லோடுன்னு இல்ல? அந்த மாரி." தலைக்கு மேல் எந்த விமானம் போனாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். "கொக்கி இல்லாத பிளேன் இன்னா பிளேன்?"

மனைவி சொர்ணம் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை அறை வீடு. காலையில் வடித்த சோறுதான் ராத்திரிக்கும். சாப்பிட்டு முடித்ததும் மகன் நம்பரைப் போடுவார். கப்பல் கடலுக்குப் போய்விட்டால் லைன் எங்கே கிடைக்கப் போகிறது? தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொல்லும். தமிழில், இங்கிலீஷில் என்று அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் வைப்பார். "ஊட்டுல என்கூட பேசற ஒரே பொம்பள அவ தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கேட்பவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

போன மாதம் செல்வகுமார் விடுமுறையில் வந்தான். வந்த அன்றே கூப்பிட்டு உட்காரவைத்து, போனை நீட்டினார் செங்கல்வராயன். "பாரு, நீ தான். டெய்லி பாக்கறேன்."

மகன் பார்த்தான், சிரித்தும் விட்டான். "அய்ய, இது நான் இல்ல நைனா. இது நம்ம கப்பலே இல்ல. ரெக்கைல பாரு, செவப்பு நட்சத்திரம். ருஷ்யாக்காரனுது. அவனுங்களும் இதே பிளேன் தான் வச்சிகினு கீறானுங்க. நம்மளுதுல மூணு கலர் வட்டம் இருக்கும். எவனோ நம்ம கப்பல்னு தப்பா பேர் போட்டு உட்டுகீறான்."

ஊருக்கே கொக்கியையும் இறக்கையையும் விளக்கிய மனுஷன், அந்த இறக்கையில் என்ன வரைந்திருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பையனை.

"கால இப்டி போடறானே?" என்று மெல்லக் கேட்டார்.

"கப்பல் ஆடும் நைனா. மேல எல்லாரும் அப்படித்தான் ஓடுவோம்."

அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் மகனுக்கு உறைத்தது. ஒரு வீடியோ எடுத்து அனுப்பலாம் என்றால், கப்பலில் அதற்கெல்லாம் அனுமதி கிடையாது. போனைத் திருப்பிக் கொடுத்தான். விடுமுறை முடிந்து அவன் ரயிலேறிப் போனான். மறுபடியும் அந்தப் பெண் குரல்.

ஸ்டாண்டில் செங்கல்வராயன் யாரிடமும் மூச்சு விடவில்லை. போனையும் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. மார்க்கெட்டில் கீரை விற்றுவிட்டுத் தினமும் அவர் வண்டியில் வீடு திரும்பும் வனஜாதான் விடாப்பிடியாகக் கேட்டாள்.

"இன்னா அண்ணாத்தே, இப்பல்லாம் புள்ளையக் காட்டவே மாட்டேன்ற?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். செங்கல்வராயன் ஸ்டியரிங்கைத் துடைப்பது போலத் துடைத்தார். "அது நம்ம புள்ள இல்ல வனஜா. வேற தேசத்துக் கப்பலு."

"அய்யய்யோ! இத்தினி நாளும்?"

"இத்தினி நாளும் எனுக்கு அவன் தான்."

வனஜா கூடையைக் காலடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். இன்னும் ஆள் சேரவில்லை. செங்கல்வராயன் போனை வெளியே எடுத்தார். திரையில் கடல் தெரிந்தது, கப்பல் தெரிந்தது.

"அதான் இல்லன்னு ஆய்டுச்சே, இன்னும் இன்னாத்துக்குப் பாக்கற?"

"எவன் பெத்த புள்ளயோ, ஓடறானே" என்றார்.

விமானம் ஒரு புள்ளியாக வந்துகொண்டிருந்தது. அது இறங்குவதற்குள் சத்தத்தைக் குறைத்தார்.