மேசையில் வளைந்து உருண்ட பித்தளைக் குழல்

கடல் ஊருக்குள் வருவதற்கு முன்பு மருதமுனையில் என் நிலை இன்னதென்று முதலில் கூறிவிடுகிறேன். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் முறையாகப் படித்தவன். அரச திணைக்களமொன்றின் இயந்திரப் பகுதியில் இருபத்தொன்பது ஆண்டுகள் பொறுப்பு வகித்து, விளக்கம் கோரும் கடிதம் ஒன்றேனும் பெறாமல் ஓய்வுபெற்றவன். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைகளில் முதல் வரிசையில் எனக்கென ஓர் இடம் இருந்தது; நான் வரும்வரை அதில் எவரும் அமர்வதில்லை. வேலி எல்லை பற்றி இரு வீட்டாருக்குள் பிணக்கு வந்தால் அளவுநாடாவுடன் என்னைத்தான் அழைப்பார்கள். நான் சொன்ன அளவை எவரும் மறுபடி அளந்து பார்த்ததில்லை.

வீட்டின் பின்னறையில் ஒரு லேத் இயந்திரம் வைத்திருந்தேன். மேசையளவான, ஓர் ஆள் கையாளக்கூடிய சிறு இயந்திரம். இரும்பையோ பித்தளையையோ அதில் பூட்டிச் சுழலவிட்டு, கூரிய உளியால் சீவி உருவம் கொடுப்பது என் பொழுதுபோக்கு. கூலிக்கு நான் வேலை செய்ததில்லை. கதவுப் பிடிகள், தறிக்கான சிறு உருளைகள், தையல் இயந்திரத் திருகாணிகள் என்று மனதுக்குப் பிடித்தவற்றைச் செய்வேன். வேலை முடிந்ததும் சீவல்களைத் தூரிகையால் அகற்றி, உளி நகரும் இரும்புத் தண்டவாளங்களைத் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி மூடிவைப்பேன். சீவல்களைக் கையால் எடுக்கக் கூடாது. அவை சவர அலகைவிடக் கூரியவை. காற்றால் ஊதவும் கூடாது. தூள் இடுக்குகளுக்குள் போய்த் தண்டவாளத்தை அராவும்.

"இஞ்சருங்க, என்ட முழங்காலுக்கு எண்ணெய் தேய்ங்க எண்டா மறந்து போற. அந்த மிசினுக்கு மட்டும் ஒரு நாளும் மறக்கிறல்ல" என்பாள் என் மனைவி.

"முழங்கால் துருப்பிடிக்காது" என்பேன்.

"என்ட முழங்கால் பிடிச்சித்து. வந்து பாருங்க."

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு டிசம்பரில், அந்த ஞாயிறு காலையில் கடல் வந்தது. என் தங்கையும் அவளது கணவரும் கடற்கரையோர வீட்டில் இருந்தார்கள். தங்கையை மறுநாள் கண்டெடுத்தோம். அவளது கணவரைக் கண்டெடுக்கவில்லை. என் வீடு சற்று உள்ளே இருந்ததால் சுவர்கள் நின்றன. பின்னறையில் நெஞ்சளவு தண்ணீர் நின்று வடிந்தது. இயந்திரம் சேற்றுக்குள் கிடந்தது.

உப்புநீரில் மூழ்கிய இயந்திரத்துக்கு முதலில் வேண்டியது நல்ல தண்ணீர். உப்பு முழுவதும் கரைந்து போகும்படி கழுவி, உடனே உலர்த்தி, மண்ணெண்ணெயால் துடைத்து, அதன் பிறகே எண்ணெய் பூச வேண்டும். உப்பின் மேல் எண்ணெய் பூசினால் உப்பு அடியில் இருந்துகொண்டு இரும்பை அரிக்கும். இதை நான் நன்கு அறிவேன். ஆனால் ஊரின் கிணறுகள் எல்லாம் உவர்த்துப் போயிருந்தன. பவுசர் வண்டியில் வந்த தண்ணீர் குடிப்பதற்கும் இறந்தோரின் மையித்துக்களைக் குளிப்பாட்டுவதற்குமே போதாமல் இருந்தது. இயந்திரம் பதினொரு நாட்கள் அப்படியே கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் கொஞ்சம் நல்ல தண்ணீர் கிடைத்ததும் அதைப் பிரித்தேன். ஒவ்வொரு பல்சக்கரத்தையும் ஒவ்வொரு திருகையும் தனித்தனியே கழுவினேன். தண்டவாளங்களில் அம்மைத் தழும்புகள் போல் குழிகள் விழுந்திருந்தன. தேய்த்து ஓரளவு சமன் செய்தேன். மின்மோட்டாரை மாற்றினேன். அறையின் பின்மூலையில் சிமெந்துத் தரை வெடித்திருந்தது. வெடிப்பைச் சாந்து பூசி மூடினேன். அந்தத் தரையின் அடியில் இருந்த மணலைக் கடல் அள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. இயந்திரத்தை முன்பிருந்த இடத்திலேயே நிறுத்தினேன். மட்டம் பார்க்கும் கருவி கடலோடு போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கவில்லை. என் கண்ணே போதும் என்று எண்ணினேன்.

நான்கு ஆண்டுகளுக்கு மேல் அதில் சிறு வேலைகள் செய்தேன். எல்லாம் சரியாகவே வந்தன. இயந்திரம் சற்றுக் கோணலாக நின்றாலும் ஓரங்குல, ஈரங்குல வேலைகளில் அந்தக் குறை வெளிப்படாது.

வடக்கில் போர் அதன் கடைசி மாதங்களில் இருந்தது. எங்கள் பகுதியில் வெடியோசை இல்லை. ஆனால் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்தது. கையில் ஓர் இரும்புத் துண்டு இருந்தாலும் அது எதற்கு என்று கேட்டார்கள். அக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பாண்டிருப்பைச் சேர்ந்த மீனவர் ஒருவர் என் வாசல் படலையில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கடல் கொண்டுபோன வள்ளத்துக்குப் பதிலாக நிவாரணமாகக் கிடைத்த இயந்திரப் படகு அவருடையது. படகின் சுழல்தண்டு ஓடும் பித்தளைக் குழல் தேய்ந்து போயிருந்தது. பழைய குழலை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"சேர், அக்கரைப்பற்றில கடை கடையா ஏறி இறங்கிட்டன். இந்தச் சாமான் கொழும்பால வரணுமாம்."

"நான் வெளிவேலை செய்யிறல்ல."

"ஓம் சேர், தெரியும். தெரிஞ்சுதான் வந்த. மூணு கிழமையாப் படகு கரையில குந்திக்கிட்டுக் கிடக்கு. இன்னும் ரெண்டு நாள் போனா என்னையும் அதோட சேத்துக் கட்டிப்போடுறன் எண்டு பொஞ்சாதி சொல்றா."

உள்ளே என் மனைவி சிரித்தது கேட்டது. அவர் மேலும் சொன்னார்: "சேர்ர கைவேலைக்கு மறு அளவு இல்லை எண்டுதான் எல்லாரும் கதைக்கிறாங்க."

அந்தச் சொல்லுக்காகவே ஒப்புக்கொண்டேன். குழல் ஆறங்குல நீளம். நான் அதுவரை அந்த இயந்திரத்தில் செய்தவற்றுள் மிக நீளமான வேலை அது. பித்தளைத் தண்டைப் பூட்டி, துளையிட்டு, வெளிப்புறத்தைச் சீவினேன். அவர் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சீவி முடித்தபோது ஜும்ஆத் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. குழலின் வெளிமுனையை மைக்ரோமீற்றரால் அளந்தேன். மிகச் சரியாக இருந்தது. உள்முனை தண்டைப் பூட்டிய பிடியை ஒட்டியிருந்ததால் அங்கே கருவி நுழையவில்லை. அறுத்து எடுத்த பின் அதையும் அளக்க வேண்டும், அதுவே முறை. நான் அளக்கவில்லை. அளந்திருந்தால் பள்ளிவாசலில் என் இடத்துக்கு நான் பிந்திப் போயிருப்பேன். குழலை அறுத்து, ஓரம் தட்டி அவர் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அடுத்து நடந்ததை அவருடைய மனைவி பின்னர் சொல்லித்தான் அறிந்தேன். படகில் பொருத்தும்போது குழல் பாதி வரை இலகுவாக உள்ளே போய், அதற்கு மேல் இறுகி நின்றுவிட்டது. மிகவும் பாடுபட்டு வெளியே எடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை, அதைத் திருத்தித் தரும்படி கேட்பதற்காக அவர் மடியில் கட்டிக்கொண்டு மருதமுனைக்குப் புறப்பட்டார். சாவடியில் மடியை அவிழ்க்கச் சொன்னார்கள். புதிதாகக் கடைந்த, இரு பக்கமும் திறந்த ஓர் உலோகக் குழல். அந்த நாட்களில் ஆயுதப் பாகமென்று சந்தேகித்து ஒருவரைப் பிடித்துவைக்க அது போதுமாயிருந்தது.

அன்று நண்பகல் படை முகாமிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பள்ளிவாசல் நிருவாகத்தைச் சேர்ந்த நம்பிக்கையாளர் ஒருவரும் என்னுடன் வந்தார். எங்களுக்கு அமரக் கதிரை கொடுத்தார்கள். மீனவர் சுவரோரம் நீண்ட மர வாங்கில் அமர்த்தப்பட்டிருந்தார். சட்டை இல்லை. அதிகாரி சிங்களத்தில் பேசினார். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் மொழிபெயர்த்தார்.

"ஐயா, இவர் இது எஞ்சின் சாமான் எண்டு சொல்றார். நீங்கதான் செஞ்சு குடுத்த எண்டும் சொல்றார். உங்களைப் பற்றி எங்களுக்கு நல்லாத் தெரியும். நீங்க ஓம் எண்டு சொன்னா இவர் இப்பவே வீட்ட போகலாம். சொல்லுங்க, இது உங்கட வேலையா?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனிடம் எதையும் கேட்க முடியாது.

அதிகாரி குழலை மேசைக் கண்ணாடியின் மேல் வைத்து என் பக்கமாக உருட்டிவிட்டார். இரு முனையும் ஒரே பருமனான குழல் நேராக உருளும். இது நேராக வரவில்லை. வில்போல் வளைந்து, மேசையின் ஓரத்துக்குப் போய் நின்றது. ஒரு முனை மெலிந்து மறுமுனை பருத்திருந்தது. கல்லூரியில் முதல் வருட மாணவன் இப்படிச் செய்தால் திருப்பிக் கொடுப்பார்கள். நம்பிக்கையாளர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உலோக வேலை பற்றி ஒன்றும் தெரியாது. ஆயினும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என் வேலையல்ல" என்றேன். "நான் இப்படிச் செய்கிறவனல்ல."

"சேர்?" என்றார் மீனவர். பின்பு சற்று உரத்து, "சேர், நான் பக்கத்தில நிண்டு பாத்த தானே. மறந்து போனீங்களா சேர்?"

நான் அவரைப் பார்க்கவில்லை. எங்களுக்குத் தேநீர் வந்தது. நான் குடிக்கவில்லை, நம்பிக்கையாளர் குடித்தார். திரும்பும் வழியில் அவர், "நல்ல வேலை செஞ்சீங்க ஹாஜியார். நமக்கென்னத்துக்கு அவங்கட வில்லங்கம்?" என்றார்.

அன்று மாலையே இயந்திரத்தைச் சோதித்திருக்க வேண்டும். சோதிக்கவில்லை. உளி மழுங்கியிருந்ததா, பித்தளை மட்டமானதா, தாங்கிகள் தளர்ந்தனவா என்று இரண்டு நாட்கள் வேறு காரணங்களைத் தேடினேன். புதன்கிழமைதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். லேத் வைத்திருக்கும் எவரும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டிய சோதனை அது. தடித்த தண்டொன்றை ஒரு முனையில் மட்டும் பூட்ட வேண்டும். மறுமுனைக்குத் தாங்கல் கொடுக்கக் கூடாது. தண்டின் இரு கோடிகளிலும் ஒவ்வொரு வளையம் மட்டும் எஞ்சும்படி நடுப்பகுதியைச் சீவிவிட வேண்டும். பின்பு உளியின் நிலையை மாற்றாமல், ஒரே ஓட்டத்தில் இரு வளையங்களையும் மெலிதாகச் சீவி, இரண்டையும் அளக்க வேண்டும். அளவு ஒன்றாயிருந்தால் இயந்திரம் நேராக நிற்கிறது. வேறுபட்டால் அதன் உடல் முறுகியிருக்கிறது.

பூட்டாத முனையிலிருந்த வெளிவளையம் மெலிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். பின்மூலைக் கால் நின்ற இடத்தில், நான் பூசிய சாந்தோடு தரை தாழ்ந்திருந்தது. தட்டினால் அடியில் வெறுமை ஒலித்தது. அந்தக் காலின் கீழ் மெல்லிய தகட்டுத் துண்டொன்றைச் செருகி மறுபடி சீவினேன். மூன்றாம் தகட்டில் இரு வளையங்களும் ஒரே அளவுக்கு வந்தன. அன்றே புதிய குழலொன்று கடைந்து இரு முனைகளையும் அளந்தேன். பிழையில்லை.

வியாழன் காலை தனியாக முகாமுக்குப் போனேன். புதிய குழலை மேசையில் வைத்து, முந்தியதும் என் வேலைதான் என்றேன். என்ன பிழை, எதனால் வந்தது என்பதையும் விளக்கினேன். பொலிஸ்காரர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அதிகாரியிடம் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

"ஐயா, மிசின் கால் தாழ்ந்து போச்சு எண்டா நான் இதை எப்பிடிச் சிங்களத்தில சொல்ற? திங்கக்கிழமை உங்கட இல்லை, வியாழக்கிழமை உங்கட. எதை நாங்க எழுதுற?"

"இன்று சொல்வதை எழுதுங்கள்."

"எழுதுறம். ஆனா ஆள் இஞ்ச இல்லை ஐயா. நேத்தே மேலிடத்துக்குக் குடுத்தாச்சு. நீங்க ஆளைத் தெரியாது எண்டதும் எழுதித்தானே போனது."

ஆளைத் தெரியாதென்று நான் சொல்லவில்லை, குழல் என்னுடையதல்ல என்றே சொன்னேன் என்றேன். அவர் தலையசைத்தார். நான் கையெழுத்திட்ட தாளை மற்றத் தாள்களோடு ஒரு கோவையில் வைத்தார். அது எங்காவது போய்ச் சேர்ந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அங்கிருந்து புதிய குழலோடு பாண்டிருப்புக்குப் போனேன். மீனவருடைய மனைவி வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"இதைக் கொண்டுவந்து என்ன செய்யிற சேர்? ஓட்டுறத்துக்கு ஆளெங்க?" என்றார். "சாமான் பிழையெண்டா பிழையெண்டு சொல்லுங்க. ஆளையே பிழையாக்கிட்டீங்களே."

குழலை அவர் வாங்கவில்லை.

மே மாதத்தில் போர் முடிந்தது. எங்கள் தெருவிலும் வெடி கொளுத்தினார்கள். மீனவர் அதற்கும் வெகுகாலம் கழித்து, பிடிபட்டு ஒரு வருடமும் இரண்டு மாதங்களும் ஆன பிறகே வீடு வந்தார். அவரது வலது மணிக்கட்டு திரும்புவதில்லை. கடலுக்குப் போவதில்லை. படகை விற்றுவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது கதிரை எடுத்துப் போட்டார்.

"ரெண்டாம் தரம் போனீங்களாம் எண்டு சொன்னாங்க சேர்" என்றார். "முதல் தரமே சொல்லியிருக்கலாம்."

"ஓம்" என்றேன்.

நான் பயந்து பொய் சொன்னதாக அவர் ஊரில் சிலர் சொல்கிறார்கள். அவர் தமிழர், நான் முஸ்லிம் என்பதாலேயே கைவிட்டேன் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டும் இல்லை. என் வேலை கோணலானது என்று ஒரு மேசையின் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அது அந்த இரண்டையும்விடச் சிறந்த காரணம் என்று நான் வாதிட வரவில்லை.

அண்மையில் எங்கள் பகுதியில் வெளிவந்த நினைவு மலரொன்றில், அந்த நெருக்கடிக் காலத்தில் நான் முகாமுக்குச் சென்று சாட்சி கூறி, அயலூர் மீனவர் ஒருவரை மீட்டு வந்ததாக எழுதியிருக்கிறார்கள். அது பிழையான தகவல். முதல் நாள், அவர் முன்னிலையில், அந்தக் குழல் என்னுடையதல்ல என்று சொன்னேன். நான்காம் நாள் அது என்னுடையது என்று சொன்னபோது அவர் அங்கு இருக்கவில்லை. அவரை நான் மீட்கவில்லை.