கொழுந்துத் தராசில் நிறுத்த படகுகள்

பாய்மரப் படகு காற்று வீசும் பக்கமாக மட்டுமே போகும் என்று ஐம்பது வயதை நெருங்கும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். கடலே தெரியாத மலைநாட்டில், ஹட்டனில் வசிக்கும் ஓர் இங்கிலீஷ் வாத்தியாருக்கு இந்த நம்பிக்கையால் எந்தக் கெடுதலும் வந்திருக்காது. ஆனால் நான் அதற்குள் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, பாய்மரப் படகுப் போட்டிகளுக்குச் சகல சேவைகளும் செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தேன். எதிர்க்காற்றிலும் படகு வளைந்து வளைந்து முன்னேறும் என்ற உண்மையை என் முதல் வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் நின்றுதான் கண்டுகொண்டேன். "ஐயோ, தப்பான பக்கம் போறாங்க!" என்று நான் கரையிலிருந்து கத்த, அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு நீண்ட நேரம் தண்ணீரையே பார்த்தார்.

இருபது வருடமாகக் கடல் நாவல்களாகப் படித்துத் தள்ளியதன் விளைவு இது. பாய்க்கும் கயிற்றுக்கும் உள்ள பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரியும். எந்தப் பெயர் எந்தக் கயிற்றுக்கு என்பதுதான் தெரியாது. நீச்சலும் தெரியாது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மனைவியிடம் திட்டத்தைச் சொன்னபோது, ஊசி போடுவதற்கு முன் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இங்க கடல் எங்கங்க இருக்கு?"

"நீர்த்தேக்கம் இருக்கே."

"அதுல கரண்டுல்ல எடுக்குறாங்க?"

கரண்டு எடுத்தது போக மீதித் தண்ணீரில் கொழும்புக் கழகம் ஒன்று படகு விட்டுக்கொண்டிருந்தது. வெயில் தாங்காமல் சனி, ஞாயிறுகளில் மலையேறி வருகிறவர்கள். அவர்களுடைய படகுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நீளம், பாய், எடை எல்லாம் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பது விதி. படகில் வித்தியாசம் இல்லையென்றால் வெற்றியும் தோல்வியும் ஓட்டுகிறவரின் கையில் என்பது தத்துவம். தோற்றவர் படகைக் குறை சொல்ல முடியாது. மனிதனிடமிருந்து இவ்வளவு பெரிய ஆறுதலைப் பறிக்கும் வேறொரு விளையாட்டை நான் அறியேன்.

அந்தப் படகுகளைப் பழுது பார்த்து, பாய் தைத்து, ஒன்றுபோல வைத்திருப்பதுதான் எங்கள் தொழில். 'எங்கள்' என்பதில் மற்றவர் நானா. ஹட்டன் டவுனில் லொறிகளுக்குப் படங்கு, அதாவது தார்ப்பாய், தைத்துக்கொண்டிருந்தவர். ஊரே அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். என்னைவிட மூன்று வயது இளையவரானாலும் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"மாஸ்டர், கப்பல் பாயும் லொறிப் படங்கும் ஒண்டுதான். காத்தும் மழையும் ரெண்டுக்கும் பொதுதானே?" என்றார். அவர் தைத்த முதல் பாயைக் கருங்கல் ஏற்றிய லொறியின் மேல் போர்த்தலாம். நான்கு ஓரமும் இரும்பு வளையம் அடித்திருந்தார். "புயல் வந்தாலும் கிழியாது" என்றார். உண்மைதான். காற்றால் அதை ஒன்றுமே செய்ய முடியவில்லை. படகு நின்ற இடத்திலேயே நின்றது.

ஆனாலும் மனிதர் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் டவுன் கடையை போன் திருத்தும் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு, தையல் மெஷினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நீர்த்தேக்கக் கரையில் இருந்த எங்கள் தகரக் கொட்டகைக்கே வந்துவிட்டார். எனக்கு மனைவியின் சம்பளம் இருந்தது. அவருக்கு அந்தக் கொட்டகையைத் தவிர வேறெதுவும் இல்லை. கழகமோ, வருடக் கடைசிப் போட்டி முடிந்ததும் படகுகளை எங்களிடமே விடுவதா, கொழும்புப் பக்கத்து ஏரிக்குக் கொண்டுபோய்விடுவதா என்று முடிவெடுப்பதாகச் சொல்லியிருந்தது.

கொட்டகைக்கு ஒரு பெயர்ப்பலகையும் வைத்தோம். வரைந்தவர் மூன்று புகைபோக்கி வைத்த கப்பலைப் போட்டுவிட்டார். அதைப் பார்த்து அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு பெரியவர் வந்து, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய அந்தக் காலத்துக் கப்பல் மறுபடி தொடங்கிவிட்டதா என்று விசாரித்தார். இல்லை என்றேன். "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார். எங்கள் சேவையில் முழுத் திருப்தி அடைந்தவர் அவர் ஒருவர்தான்.

கழகத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டத் துரை. கரையிலிருந்து மேலே தெரியும் தோட்டத்தையே பல வருடம் ஆண்டவர். தமிழ் நன்றாகத் தெரியும், ஆனால் தெரிந்தது அத்தனையும் கட்டளை. "வா. தூக்கு. தண்ணி ஊத்து. மெதுவா புடி." ஒருநாள் தவறுதலாக என் காலை மிதித்துவிட்டு "மன்னி!" என்று உத்தரவு போட்டார். நானும் உடனே மன்னித்தேன்.

முதல் போட்டிக்கு முன்னால் அவர் வந்து, "எல்லாப் படகும் நிறு. கொறைஞ்சா ஈயம் கட்டு" என்றார். எடை குறைந்த படகில் குறைந்த அளவுக்கு ஈயம் கட்டி எல்லாவற்றையும் சமமாக்க வேண்டும். எங்களிடம் தராசு இல்லை. தோட்டத்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், தொங்கு தராசு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளையே நேரில் வந்தார். முப்பது வருடம் கொழுந்து நிறுத்த கை.

அவர் வேலை செய்த அழகில் நான் மயங்கிப்போனேன். படகைக் கயிற்றில் தொங்கவிட்டு, முள்ளைப் பார்ப்பார். பிறகு படகைச் சுற்றி ஒரு நடை நடப்பார். அதன் கயிற்றைக் கைப்பிடிக்குள் வைத்து ஒரு பிழி பிழிவார். நாக்கை ஒரு சப்புக் கொட்டிவிட்டு எடையைக் கூவுவார். நான் எழுதிக்கொள்வேன். தொடங்கும்போது நல்ல வெயில். போகப் போக மிஸ்ட் இறங்கித் தூறத் தொடங்கியது. கடைசியாக வந்த துரையின் படகு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதற்குக் கணக்கப்பிள்ளை இரண்டு தடவை சப்புக் கொட்டினார். என்ன நுணுக்கம், என்ன ஈடுபாடு என்று நினைத்துக்கொண்டேன். எல்லாப் படகும் எடை குறைவு என்று வந்தது. பழைய படகுகள், தேய்ந்திருக்கும் என்று நானாவிடம் விளக்கினேன். அவர் டயர்க் கடையில் வண்டிச் சில்லுக்குச் சமநிலைக்காக அடிக்கும் ஈயத்துண்டுகளை வாங்கிவந்து, சின்னச் சின்னப் படங்குப் பைகளில் தைத்துப் படகுகளுக்குள் கட்டினார்.

அந்த வருடம் முழுக்க துரை கடைசியாக வந்தார். "இது படகு இல்லை. ஆனை" என்றார். ஒரே அச்சில் வார்த்த படகுகளில் ஒன்று மட்டும் எப்படி யானையாகும் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். தொடர்ந்து முதலாவதாக வந்தவர் ஒரு பல் டாக்டர். அதற்கு முன் எதிலுமே ஜெயித்தறியாதவராம். ஆடி மாதத்தில் அவர் மற்றவர்களுக்குக் காற்றைப் பற்றி ஆலோசனை சொல்லத் தொடங்கினார். ஐப்பசியில் என்னையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தார். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

கடைசிப் போட்டிக்கு முந்தின வாரம் கணக்கப்பிள்ளையைத் தேத்தண்ணிக் கடையில் சந்தித்தேன். துரை பாவம், வருடம் பூராவும் தோற்றுவிட்டார் என்று பேச்சு வந்தது.

"நான் என்னங்க மாஸ்டர் பண்றது? தொரைங்கறதுக்காக ஓரவஞ்சன செய்யல. பல் டாக்டரு படகு காஞ்சு கெடந்துச்சு, பேருக்குத்தான் கழிச்சேன். தொரையோடது நனஞ்சு ஊறிப் போயிருந்துச்சு. நல்லா கழிச்சு விட்டேன்."

"கழிச்சீங்களா? எத?"

"ஈரத்ததாங்க. தண்ணியவா நிறுப்பாங்க?"

கையிலிருந்த வடையைக் கீழே வைத்தேன். அவர் முள்ளில் பார்த்ததை ஒருநாளும் கூவியவரில்லை. மழையில் பறித்த கொழுந்துக்கு ஈரக்கழிவு போடுவது போலவே, கண்ணால் பார்த்து, கையால் பிழிந்து, ஒவ்வொரு படகுக்கும் அதன் ஈரத்துக்கு ஏற்றபடி கழித்துக் கூவியிருக்கிறார். வார்த்த படகு கொழுந்தைப் போல ஈரம் குடிக்காது; அவர் இல்லாத எடையைக் கழிக்க, கழித்த அளவுக்கெல்லாம் நாங்கள் ஈயம் கட்டியிருக்கிறோம். அதிகம் நனைந்த துரையின் படகு அதிக ஈயத்தைச் சுமந்துகொண்டு வருடம் முழுக்க நீர்த்தேக்கத்தைச் சுற்றிவந்திருக்கிறது. நான் பார்த்து மயங்கிய நுணுக்கம் அதுதான்.

நானாவை வீட்டுக்குக் கூட்டிப்போய் மனைவியின் முன்னால் விஷயத்தைச் சொன்னேன். நானா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாஸ்டர், ஈயத்த மெல்லமா கழட்டிடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

"தொர திடீர்னு ஜெயிச்சுட்டா சந்தேகம் வராதா நானா?" என்றாள் மனைவி.

"ஜெயிப்பாரா?" என்று கேட்டார் நானா.

மூவரும் அதை யோசித்துப் பார்த்தோம். பிறகு மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்களே போய்ச் சொல்லிருங்க. மத்தவங்க கண்டுபிடிச்சா நானா பேருதான் கெடும். அவரு டவுன் கடையவே குடுத்துட்டு வந்திருக்காரு. நீங்க எதக் குடுத்துட்டு வந்தீங்க? சாக்குக்கட்டிய."

கடைசிப் போட்டி நாள் காலையில், எல்லாரும் கரையில் கூடியிருக்கும்போது சொன்னேன். முதலில் பல் டாக்டரின் முகம் தொங்கியது. துரையின் முகமோ மலர்ந்தது, பிறகு சிவந்தது. வருடம் முழுக்கத் தோற்றதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்பது மலர்ச்சி. அந்தக் காரணம் நாங்கள் என்பது சிவப்பு.

"படகு எல்லாம் ஏத்து! கொழும்புக்குக் கொண்டு போ!" என்றார் பொதுவாக. நானா பாய் மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். பிறகு துரை கணக்கப்பிள்ளையைக் கண்டார். "நீ வா. படகுக்கு ஏன் கழிச்சே? சொல்லு! யார் சொன்னது?"

கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றினார். பயத்தால் இல்லை, பழக்கத்தால். "நீங்கதாங்க ஐயா. நீங்க இங்க தொரையா வந்த மொத வாரம் மடுவத்துக்கு வந்து, முள்ளு காட்டுறத கூவாத, ஈரத்தப் பாத்துக் கழிச்சிட்டுக் கூவுன்னு சொல்லிட்டுப் போனீங்க. நிறுத்தச் சொல்லி இன்னைக்கி வரைக்கும் யாரும் சொல்லலைங்க."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேடிக்கை பார்க்க தோட்டத்து லயவீடுகளிலிருந்து கொழுந்தெடுக்கும் பெண்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, நிதானமாக, "படகுக்குக் கழிச்சா மட்டும் கோவம் வருதாக்கும்" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "அக்கா, நம்ம கூடைக்கும் ஒரு பாய் கட்டிருந்தா தொர கேட்ருப்பாரு" என்றாள். சிரிப்பு மேட்டிலிருந்து இறங்கித் தண்ணீர்வரைக்கும் போனது. துரையின் மனைவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். போட்டி பார்க்க அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்தார்.

துரை கொஞ்ச நேரம் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "மறுபடி நிறு. கழிக்காதே" என்றார். கழிக்காதே என்று ஒரு துரை சொல்லி அந்தக் கரையில் யாரும் கேட்டதில்லை. பெண்கள் கைதட்டினார்கள்.

தராசு வந்தது. கணக்கப்பிள்ளை முள்ளில் கண்டதை அப்படியே கூவினார். ஒவ்வொரு தடவையும் நாக்கு சப்புக் கொட்ட எழும்பி, பாதியில் அடங்கியது. நானா ஈயப் பைகளை அவிழ்த்து ஒன்றாகப் போட்டார், சின்னக் குவியலாக எழும்பியது. என்னைப் படகுகளின் பக்கம் யாரும் விடவில்லை. நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். துரையின் மனைவிக்கு மூன்று கோப்பை.

போட்டி நடந்தது. எல்லாப் படகும் சரிசமம், நல்ல காற்று, நானா தைத்த புதுப் பாய்கள் ஒரே அச்சாகப் புடைத்து நின்றன. பல் டாக்டர் நடுவில் எங்கேயோ வந்தார். துரை கடைசியாக வந்தார். கரையிறங்கி, காலிப் படகைத் தன் கையாலேயே ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார். அதைவிட வேதனையான காட்சியை அந்த வருடம் நான் பார்க்கவில்லை. ஈயத்தோடு சேர்த்து அந்த மனிதரின் ஒரே சாக்கையும் நாங்கள் கழற்றியிருந்தோம்.

அன்று மத்தியானமே கொட்டகைக்குள் கழகக் கூட்டம். நானும் நானாவும் வெளியே தராசுக்குப் பக்கத்தில் நின்றோம். நானா உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க மலையைப் பார்த்தேன். உள்ளே விவாதம் நியாயமாகத்தான் நடந்திருக்கிறது. ஒரு வருடப் போட்டி முடிவுகள் அத்தனையும் பிசகியதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். கணக்கப்பிள்ளை தோட்டத்து ஆள், கழகம் அவரைத் தொட முடியாது. அவருக்கு உத்தரவு கொடுத்தவர் கழகத்தின் செயலாளர், அவரையும் தொட முடியாது. நானாவின் பாய்கள் கொழும்பில் தைப்பதைவிட நன்றாக இருந்தன. மீதியிருந்தது நான்.

துரை வெளியே வந்தார். "படகு இங்கே இருக்கும். நானா பாத்துக்கோ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அவரால் முடிந்த அளவு மென்மையாக, "நீ வீட்டுக்குப் போ. புஸ்தகம் படி" என்றார்.

நானா என்னை ஓட்டோ வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "மாஸ்டர், மனசுல ஒண்டும் வெச்சிக்காதீங்க. எப்ப வேணும்டாலும் வந்துபோங்க" என்றார். வந்துபோகச் சொன்னார், இருக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அது சந்தோஷத்தால் என்பது எனக்குத் தெரியும், அதில் வருத்தமும் இல்லை. என் வாழ்க்கையில் நான் தொடங்கிவைத்து உருப்பட்ட ஒரே தொழில் அது. உருப்பட நான் விலக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து ஹட்டன் டவுனில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வாகனம் ஓரமாக நின்று, கண்ணாடி இறங்கியது. துரையின் மனைவி. தோட்டத்தில் எத்தனையோ வருடம் இருந்தவர், கட்டளை இல்லாத தமிழ் பேசுவார். என்னை அடையாளம் கண்டுகொண்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு வணக்கம் சொன்னேன்.

"நீங்க நானாகிட்ட வேல செஞ்சவருதானே? நல்லா தேத்தண்ணி ஊத்திக் குடுத்தீங்களே," என்றார். "இப்ப வேற எங்கயாவது வேல கெடச்சிச்சா? இல்லாட்டி நான் நானாகிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாக்கவா?"