மாதம்மா மேடம் திரும்பப் பெற்ற கட்டுரை

சேலத்தில் விடைத்தாள் திருத்தும் மையத்தில் இருந்தேன். காலைத் தேநீருக்கு எழுந்தபோது கைபேசியில் ஐந்து தவறிய அழைப்புகள் இருந்தன, எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. தருமபுரிப் பக்கம் நான் முன்பு வேலை பார்த்த பொறியியல் கல்லூரியின் ஆய்வக உதவியாளர் கோவிந்தன். திரும்ப அழைத்தேன்.

"சார், மாதம்மா மேடம் தவறிட்டாங்க. காரிமங்கலத்துல, வூட்டுலயே. நெஞ்சுவலிங்க. பால் பாக்கெட் எடுக்காம கெடக்குதேன்னு பக்கத்து வூட்டுக்காரங்க கதவத் தட்டியிருக்காங்க." சற்று நிறுத்திவிட்டு, "உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு தோணுச்சு" என்றார்.

அவர் நினைத்தது சரி. யாரும் சொல்லவில்லை. நான் மேசைக்குத் திரும்பி மீதித் தாள்களைத் திருத்தினேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னால் 'அவங்க உங்களுக்கு என்ன வேணும்' என்று கேட்பார்கள்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நம்மில் பலருக்கு அவர் முதலாண்டு வகுப்புகளை எடுத்த, அதிகம் பேசாத ஒரு மேடம். மாரண்டஹள்ளியில் தக்காளி விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கணினித் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. முப்பரிமாண உருவங்களைக் கணினி எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதுதான் அவர் ஆய்வு. நான் கணிதத் துறையில் இருந்தேன். ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். திரையில் சின்னச் சின்ன முக்கோணங்களால் பின்னிய வலையாக இரண்டு நாய்கள் இருந்தன. ஒன்று நின்றது, மற்றொன்று சுருண்டு படுத்திருந்தது.

"நிக்கிற நாயோட மூக்குல ஒரு புள்ளி வெச்சிருக்கேன் சார். படுத்திருக்கிற நாய்ல அதே புள்ளி எங்கன்னு நாலு வயசுக் கொழந்த காட்டிடும். இது காட்ட மாட்டேங்குது. கணக்குல எங்கியோ தப்பு பண்றேன், பாருங்க."

அன்று மாலைவரை பார்த்தோம். பிழை அவர் கணக்கில் இல்லை, எடுத்துக்கொண்ட முறையில் இருந்தது. அதற்கு மாற்றாக நான் ஒரு வழி சொன்னேன். அப்படித்தான் நாங்கள் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தோம்.

வெளிநாட்டு ஆய்வகங்களில் மனித உடல்களை அளந்து வைத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வசதி கிடையாது. அவர் ஆடுகளை அளக்க முடிவு செய்து, காரிமங்கலம் வாரச்சந்தையைத் தேர்ந்தெடுத்தார். நான்கு கம்பங்களில் ஆழம் அளக்கும் நான்கு கேமராக்களைப் பொருத்தி, நடுவில் ஆட்டை நிறுத்தினால் ஒரு நொடியில் அதன் முழு உடலும் கணினிக்குள் வந்துவிடும். எந்த ஆட்டை எடுத்தாலும், எப்படி நின்றாலும், உடம்பின் ஒவ்வொரு புள்ளியையும் இன்னொரு ஆட்டின் உடம்போடு சரியாகப் பொருத்த வேண்டும். அது முடிந்தால் தராசு இல்லாமலே எடை சொல்லலாம், நோயில் இளைத்ததைக் கண்டுபிடிக்கலாம். முதல் வாரம் வியாபாரிகள் விலகிப் போனார்கள். முனுசாமி என்கிற ஆட்டு வியாபாரி மட்டும் நின்று, "போட்டா புடிச்சா ஆடு எளைக்காதுங்களா?" என்று கேட்டார். மாதம்மா மேடம் சிரிக்கவில்லை. "எளைச்சா அடுத்த வாரமே எனக்குத் தெரிஞ்சிரும்ங்க. மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்வேன்" என்றார். அந்தப் பதில் முனுசாமிக்குப் பிடித்துவிட்டது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

கணினிக்குச் சில ஆடுகளைக் காட்டிப் பழக்க வேண்டும். பிறகு அது முன்பின் பார்த்திராத ஆடுகளை வைத்துச் சோதிக்க வேண்டும். எங்கள் சோதனை முடிவுகள் நாங்களே நம்பாத அளவுக்கு நன்றாக வந்தன. வெளிநாட்டு மாநாடு ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. எங்கள் கல்லூரியிலிருந்து அப்படி ஒரு கட்டுரை போனதே இல்லை. வாசலில் பேனர் கட்டினார்கள், எங்கள் இருவர் படத்தோடு. என் அடுத்த பதவி உயர்வு அந்தக் கட்டுரையை நம்பி இருந்தது. இண்டூரில் என் அப்பா ஊர்முழுக்கச் சொல்லிவிட்டார்.

கட்டுரையின் இறுதி வடிவத்துக்குப் படங்கள் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் அவர் அதைப் பார்த்தார். என் அறைக்கு வந்து உட்காராமலே பேசினார்.

"சார், இந்த ரெண்டு ஆட்டுக்கும் எடது காது ஒரே எடத்துல கிழிஞ்சிருக்கு. கொம்பும் அதே மாதிரி வளைஞ்சிருக்கு. ஒண்ணு பழக்கின ஆடு, ஒண்ணு சோதிச்ச ஆடு."

அடுத்த சந்தைக்கு இருவரும் போனோம். அவர் முனுசாமியிடம் நேராகக் கேட்டார். முனுசாமிக்குக் கேள்வியே புரியவில்லை.

"விக்காத ஆட்ட மறுவாரம் ஓட்டியாராம பின்ன என்னாங்க பண்றது? அறுத்தா தின்ன முடியும்? எல்லாரும் அப்பிடித்தான்ங்க மேடம்."

இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் இருவருக்கும்தான் தோன்றவில்லை. விற்காத ஆடுகள் வாராவாரம் திரும்பி வந்திருக்கின்றன. ஏற்கெனவே பார்த்த ஆடுகளையே கணினியிடம் காட்டி, அது சரியாகச் சொன்னதும் நாங்கள் மகிழ்ந்திருக்கிறோம்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அவரிடம் கெஞ்சினேன். எத்தனை ஆடுகள் திரும்பி வந்தன என்பது நமக்கே தெரியாது, கொஞ்சமாகக்கூட இருக்கலாம், கட்டுரை வெளிவரட்டும், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றேன். கடைசியில் அதையும் சொன்னேன்: "மேடம், இது யாருக்குமே தெரியப் போறதில்ல."

"எனக்குத் தெரிஞ்சிருச்சே சார்" என்றார் அவர்.

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் களைப்பாகச் சொன்னார். மறுநாள் காலை மாநாட்டுக்கு எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அனுப்புவதற்குமுன் அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டினார். தவறு முழுவதும் தன்னுடையது என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். பேனரை இறக்கினார்கள். நிர்வாகம் அவரைக் கூப்பிட்டுப் பேசியது. ஆய்வகத்தை வேறொருவருக்குக் கொடுத்து, அவரை முதலாண்டு வகுப்புகளுக்கு மாற்றியது. மதிய உணவு வேளையில் ஆசிரியர் அறையின் நீண்ட மேசையில் அவர் இருந்த முனை மெல்ல மெல்லக் காலியானது. யாரும் பேசிவைத்துக்கொண்டு எழவில்லை. ஒருவர் வங்கிக்குப் போக வேண்டும் என்பார், இன்னொருவருக்கு வகுப்பு இருக்கும். முதலில் இடம் மாறியவன் நான். ஓராண்டு அவர் தனியாகச் சாப்பிட்டதை மேசையின் மறுமுனையிலிருந்து பார்த்தேன். டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து, மூடி, பையில் வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்து "வரேங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். பிறகு எனக்குச் சேலத்தில் வேலை கிடைத்தது. விடைபெறாமல் போனேன்.

ஒருமுறை கிருஷ்ணகிரிப் பேருந்தில் போகும்போது காரிமங்கலத்தில் வண்டி நின்றது. அன்று சந்தை. ஜன்னல் வழியே அவரைக் கண்டேன். நான்கு கம்பங்கள், நடுவில் ஒரு வெள்ளாடு. அவர் கையில் பெயின்ட் டப்பா இருந்தது. குனிந்து ஆட்டின் முதுகில் ஓர் எண் எழுதிக்கொண்டிருந்தார். அளந்த ஆடு திரும்பி வந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. சுற்றிலும் அத்தனை கூட்டம், ஆனால் அவரோடு யாரும் இல்லை. இறங்கியிருக்கலாம். நான் இறங்கவில்லை. தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

இறுதிச் சடங்குக்கு மாரண்டஹள்ளி போனேன். அவர்கள் நிலத்தின் ஓரத்திலேயே அடக்கம் செய்தார்கள். கல்லூரியிலிருந்து நான்கைந்து பேர்தான் வந்திருந்தார்கள். அவருடைய தம்பி என்னைப் பார்த்து, "நீங்கதான் கணக்கு சாருங்களா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன்.

"அக்கா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வரும்ங்க. அது செய்யிற வேல எங்களுக்கு என்னா புரியும்? அது சொல்றதக் கேட்டுக்குவோம். இந்த எடத்துல கணக்கு சாரு இருந்தா ஒடனே புடிச்சிருவாருன்னு சொல்லும்."

முனுசாமி மரத்தடியில் தனியாக நின்றிருந்தார். என்னிடம் வந்தார். "நீங்க போன பொறவு நாந்தான் சார் ஆட்டப் புடிச்சிக் குடுத்தேன். மேடத்துக்குப் பேச்சுத்தொணைக்கு யாரு இருந்தாங்க? என்கிட்டயே எல்லாத்தையும் சொல்லும். நானும் ஆமாங்க, ஆமாங்கம்பேன்."

வீடு திரும்பியதும் இணையத்தில் தேடினேன். சிறிய ஆய்விதழ் ஒன்றில் அவர் கட்டுரை வெளிவந்திருந்தது. எழுதியவர் என்று அவர் பெயர் மட்டும். முதல் கட்டுரையில் நடந்த தவறு இரண்டாம் பக்கத்திலேயே விளக்கமாக இருந்தது. புதிய முடிவுகள் பழையவற்றைவிட வெகுவாகக் கீழே இருந்தன, ஆனால் ஒவ்வொன்றையும் நம்பலாம். கடைசியில் இருவருக்கு நன்றி சொல்லியிருந்தார். ஒருவர் முனுசாமி. மற்றவர் நான். 'நான்காம் பகுதியின் கணிதம் அவருடையது. தரவில் நேர்ந்த பிழை என்னுடையது.'

கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்து என்னைப் பேச அழைத்தார்கள். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'நெருங்கிய நண்பர்' என்று அச்சிட்டிருந்தார்கள். மேடையேறி, அது உண்மையில்லை என்று சொன்னேன். இங்கே எழுதியவற்றில் பெரும்பகுதியை அங்கேயும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு மின்னஞ்சல். அதை மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சேலம் வந்த மூன்றாம் ஆண்டில் எழுதியது. 'சார், எல்லா ஆட்டையும் புதுசா அளந்து முடிச்சுட்டேன். கட்டுரை தயார். முடிவு முன்ன மாதிரி பெருசா இல்ல. உங்க கணக்கு இதுல இருக்கு, அதனால உங்க பேரையும் போட்டா சந்தோஷம். விருப்பம் இருந்தா ஒரு வரி எழுதுங்க.' அன்றே படித்தேன். பதில் எழுதவில்லை.

கட்டுரையின் அடியில், அது இதழுக்கு வந்து சேர்ந்த நாளைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு எழுதிய பிறகு நான்கு மாதங்கள் கழித்துத்தான் அவர் அதை அனுப்பியிருக்கிறார்.